எழுத்து உதிர்ந்த பெயர்

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். வைத்தவன் யாரென்று தெரியாது, ஆனால் தெரிந்துதான் வைத்திருக்கிறான். அவள் அறைக்கு ஒரு பூட்டு, அறைக்குள் இருக்கும் இரும்பு அலமாரிக்கு ஒரு பூட்டு, அலமாரிக்குள் இருக்கும் வட்டுகளுக்குக் கடவுச்சொல் என்று இன்னொரு பூட்டு. சாவிக்கொத்து இடுப்பில் தொங்கும். அவள் வருவது நடைவழியிலேயே தெரிந்துவிடும், பென் டிரைவைக் கையில் வைத்திருப்பவன் அவசரமாகப் பைக்குள் போட்டுக்கொள்வான்.

அவளைக் கஞ்சத்தனமான ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. அவள் காவல் காத்தது பொன்னையும் பொருளையும் அல்ல, அடுத்தவர் வீட்டுப் பேச்சை. காது கேட்காத அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பிறந்த, காது கேட்கும் குழந்தை பேச்சை எங்கிருந்து பிடித்துக்கொள்கிறது என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. அதற்காகக் குழந்தையின் சட்டைப்பையில் தீப்பெட்டி அளவு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வைத்து அனுப்புவார்கள். காலையில் போட்டுவிட்டால் மாலையில் கழற்றுவது. முதல் அரைமணி நேரம் வீட்டில் எல்லோரும் வானொலியில் பேசுவது போல மரியாதையாகப் பேசுவார்கள். பிறகு கருவி மறந்துபோகும். மாமியாரைப் பற்றிய விமரிசனம், கடன்காரனுக்குச் சொல்லவேண்டிய பொய், குளியலறைப் பாட்டு, கணவன் மனைவியின் சமாதானம் எல்லாம் அந்தத் தீப்பெட்டிக்குள் வந்து விழும்.

"வீட்டக் கதவோட திறந்து நம்ம கையில குடுத்திருக்காங்க. அதப் பத்திரமா வெச்சிருக்கறது உங்களுக்கெல்லாம் கிண்டலா இருக்கா?" என்று அவள் கேட்டால் ஒவ்வொருவராகத் தங்கள் மேசைக்கு நழுவிவிடுவார்கள்.

பதிவு வந்து சேர்ந்ததும் அதற்கு மூன்று பிரதி. ஒன்று அவள் அலமாரியில், ஒன்று நிறுவனத்தின் சர்வரில், ஒன்று வேறொரு கட்டடத்தின் பெட்டகத்தில். எலி கடித்தாலும் மழை புகுந்தாலும் ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டும் என்று கணக்கு. குடும்பங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அதோடு, பதிவை ஆய்வாளர்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால் அதில் வரும் பெயர்களை எல்லாம் மறைத்தாக வேண்டும். அந்த மறைக்கிற வேலை பூட்டக்காவுடையது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே அந்த இடத்தை வெட்டி மறைப்பாள். அவள் முடித்ததை இன்னொருவர் முழுதாகக் கேட்டு, ஒரு பெயரும் தப்பவில்லை என்று சரிபார்ப்பார். சரியென்றால் மூலப் பதிவை மூன்று இடத்திலிருந்தும் அழித்துவிடுவார்கள். மறைத்த பதிவு மட்டும் இருக்கும்.

அழிப்பதிலும் அவள் கறார்தான். மேலோட்டமாக அழிப்பதெல்லாம் அவளிடம் செல்லாது. மேலே வேறு எதையாவது எழுதி, அதை அழித்து, திரும்பவும் எழுதி, யார் தலைகீழாக நின்றாலும் மீட்க முடியாதபடி செய்வாள். பத்திரமாக வைத்திருப்பது போலவே பத்திரமாக ஒழிப்பதும் வாக்குத்தான் என்பது அவள் கட்சி.

முதலில் பெயர் வரும் இடத்தில் 'கூ' என்று ஒரு சத்தத்தைப் போட்டு மறைத்தார்கள். ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் கூடத்தை நடத்திய பேராசிரியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கூப்பிடும் குரலின் மெட்டு போய்விட்டால் அவருக்குப் பாதி வேலை போய்விடும். அதனால் வேறு வழி செய்தார்கள். பெயரின் எழுத்துகளை மட்டும் உதிர்த்துவிட்டு, அடியில் ஓடும் ராகத்தை விட்டுவைப்பது. கேட்டால், பக்கத்து அறையில் யாரோ கூப்பிடுவது சுவர் வழியாகக் கேட்பது போல இருக்கும். நீளம் தெரியும், ஏற்றம் தெரியும். யார் பெயர் என்று மட்டும் தெரியாது.

இப்படி வருஷக் கணக்காக அடுத்தவர் வீட்டை ஒட்டுக்கேட்டால் அந்த வீடுகள் சொந்த வீடு மாதிரி ஆகிவிடும். எண்ணை வைத்து அவள் எந்த வீட்டையும் நினைத்ததில்லை. கிளி வீடு, தும்மல் வீடு, குழாய் ஒழுகும் வீடு. ஒழுகும் குழாயை அவர்கள் சரிசெய்தபோது அவளுக்கே நிம்மதியாக இருந்தது. எல்லாவற்றிலும் அவளுக்கு உயிர் தையல் மெஷின் வீட்டின் மேல்தான். அம்மாவுக்குக் காது கேட்காது. நாள் முழுக்க மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். சாயந்திரம் மாடிப்படியில் ஒரு சீட்டியடிப்பு ஏறி வரும், அது அப்பா. வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போதே மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். தண்ணீர் குடித்துவிட்டுக் கூப்பிடுவான். சட்டை பட்டனைக் காணோம் என்று கூப்பிடுவான். ஒவ்வொன்றையும் மறைத்து மறைத்து அக்காவுக்கு விரல் வலிக்கும்.

ஒருமுறை அந்த வீட்டுக்கு வந்திருந்த அவனுடைய அத்தை அக்காவின் மனதில் இருந்ததையே கேட்டுவிட்டாள். "ஏன்டா, அவளுக்குத்தான் கேக்காதே, எதுக்குடா இந்தக் கத்துக் கத்துற?"

"கூப்பிடாம திடீர்னு போயி எப்படி அத்த தோளத் தொடறது? மரியாதையா இருக்குமா?" என்றான் அவன்.

அக்கா அன்றைக்கு அந்த இடத்தைத் திருப்பி ஓட விட்டு மறுபடி கேட்டாள். தனியாக வாழ்கிறவள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் குறைந்துகொண்டே வந்தார்கள். பூட்டக்கா என்று கூப்பிடத்தான் ஒரு பட்டாளமே இருந்தது.

குடும்பங்களை நேரில் சந்திப்பது அவள் வேலை அல்ல. யார் எந்த எண் என்று தெரிந்த ஒரே ஆள் ஒருங்கிணைப்பாளர். ஆனால் ஒருங்கிணைப்பாளர் விடுப்பில் போயிருந்த ஒரு காலையில், கீழே ஒரு குடும்பம் வந்து காத்திருக்கிறது, என்ன ஏதென்று கேட்டு அனுப்புங்கள் என்று வரவேற்பறையிலிருந்து அழைப்பு வந்தது. அலுத்துக்கொண்டே படியிறங்கினாள். பார்வையாளர் அறைக்கு நாலடி முன்னால் கால் தானாக நின்றது. உள்ளேயிருந்து ஒரு சீட்டி. அவள் நாள்தோறும் கேட்ட சீட்டி.

உள்ளே லிஃப்ட் மெக்கானிக் உடுப்பில் ஒல்லியாக ஒருவன் இருந்தான். அவள் மனதில் வைத்திருந்தது நல்ல வாட்டசாட்டமான ஆளை. பக்கத்தில் அவன் மனைவி, கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தாள். மூன்று வயதுப் பையன் சக்கரம் வைத்த நாற்காலியை வண்டியாக்கித் தள்ளிக்கொண்டிருந்தான். நெஞ்சில் அந்தப் பை வைத்த சட்டை. அன்று அவர்களுக்குப் பதிவு நாள். இன்னார் வீடு என்று தனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாதே என்று அக்கா முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டாள். முடியவில்லை. ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தது போல அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"மேடம், ஒரு உதவி. கொஞ்சம் சின்ன விஷயந்தான்" என்று ஆரம்பித்தான் அவன். பேசும்போது மனைவி பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தே பேசினான், அவள் உதட்டைப் படிக்க வேண்டுமே. "இவன் பேச ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. என்னக் கூப்பிடுவான், கீழ்வீட்டுப் பாப்பாவக் கூப்பிடுவான், பூனையக்கூடக் கூப்பிடுவான். இவளக் கூப்பிட்டதில்ல. வேணும்னா வந்து புடவையப் பிடிச்சு இழுப்பான். இவளுக்கு அதுல ஒரு வருத்தம்."

தையல்காரி அவன் கையில் லேசாகத் தட்டினாள். வருத்தம் கிருத்தம் எல்லாம் சொல்லாதே என்று அர்த்தம்.

"போன பதிவு எடுத்த அன்னிக்கு நான் வேலை முடிஞ்சு படியேறி வர்றேன். இவ மெஷின்ல இருக்கா. இவன் பக்கத்துல நின்னு இவளக் கூப்பிட்டான் மேடம். பேர் சொல்லி. நான் கூப்பிடற மாதிரியே. ஒரு தடவ இல்ல, திருப்பித் திருப்பி. கையில இருந்த டூல்ஸ் பையக் கீழ போட்டுட்டேன். தரை அதிர்ந்ததும் இவ திரும்பிப் பாத்தா. நான் அழுதுட்டு நிக்கறேன். சொன்னேன். நம்ப மாட்டேங்கறா."

"அதுக்கப்புறம் கூப்பிடலையா?"

"இல்ல. இவன் கெட்டிக்காரன். கூப்பிட்டா அம்மா திரும்பல, இழுத்தா திரும்பறாங்கன்னு கண்டுபிடிச்சுட்டான்."

அப்போது தையல்காரி பேசினாள். நினைவு தெரியும் முன்பே காது போனவள். சொற்கள் கொஞ்சம் மூக்கோடு, மேடு பள்ளமாக வந்தன. ஆனால் அந்தக் குரலை மாதக் கணக்காகக் கேட்டிருந்த அக்காவுக்கு ஒரு சொல்லும் விடாமல் புரிந்தது.

"இவரு பொய் சொல்ற ஆளு இல்லம்மா. ஆனா எனக்காகன்னா சொல்லுவாரு. அதுக்கு முந்தின நாள்தான் நான் அழுதேன்."

அவ்வளவுதான் விஷயம். நேற்று அழுத மனைவிக்கு இன்று கணவன் வந்து, உன் பிள்ளை உன்னைக் கூப்பிட்டான் என்று சொன்னால், அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அன்பு என்று அவள் எப்படிப் பிரித்துப் பார்ப்பாள்? இந்த வாரம் கருவியை மறுபடி கையில் வாங்கியபோதுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது, அன்றைக்கும் இது பையன் நெஞ்சிலேயே இருந்ததே என்று. தங்கள் வீட்டுப் பதிவைக் கேட்டு வாங்க ஆராய்ச்சி நடக்கும்வரை குடும்பத்துக்கு உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்திலேயே இருக்கிறது.

"இதென்ன பெரிய விஷயம்? எங்க கிட்ட வந்தது எங்கயும் போகாது. உக்காருங்க, இதோ வர்றேன்" என்று, போன பதிவின் மூலம் இன்னும் அழிபட்டிருக்காது என்ற நினைப்பில், சாவிக்கொத்து குலுங்க அக்கா மாடியேறினாள். அந்த வீட்டுக்குத் தன்னால் ஒரு நல்லது நடக்கப்போகிறது என்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பட்டியலைத் திறந்ததும் பாவியது. அந்தப் பதிவின் மூலத்தைப் போன வாரம்தான் அழித்திருந்தாள். அவளேதான். மூன்று இடத்திலும்.

மறைத்த பதிவை ஓட விட்டாள். மெஷின் கடகடவென்று ஓடுகிறது. சின்னப் பாதங்கள் தரையில் தட்டுகின்றன. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல ஒரு முனகல். மெஷின் ஓடுகிறது. இன்னொரு முனகல். மெஷின் ஓடுகிறது. மூன்றாவது முனகல் கொஞ்சம் நீளம். அதன் பின்னே டமார் என்று இரும்புச் சாமான்கள் விழும் சத்தம். மெஷின் நின்றது.

கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். முதன்முதலாக ஒரு குழந்தை யாரையாவது கூப்பிட்டால் அந்த இடத்தில் தனியாக ஓர் அடையாளம் போட வேண்டும் என்பது ஆராய்ச்சியின் முக்கியமான விதி. அவள் போடவில்லை. பெயர் என்று காதில் பட்டதுமே விரல் போய் மறைத்துவிட்டது. சொன்னது அப்பனா பிள்ளையா என்று அவள் காது நின்று பார்க்கவே இல்லை. நூற்றுக்கணக்கான முறை அந்தப் பெயரை அவன் குரலில் மறைத்த பழக்கம், நூற்றோடு நூற்றொன்றாகப் பிள்ளையின் குரலையும் சேர்த்து மறைத்துவிட்டது. சரிபார்த்தவருக்கோ பெயர் தப்பியதா என்பதுதான் கவலை, தப்பவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு பெண்ணை அவள் பிள்ளை முதன்முதலாகக் கூப்பிட்டதை இந்த உலகத்தில் கேட்ட இரண்டாவது ஆள் பூட்டக்கா. கேட்டும் கேட்காத மாதிரி இருந்திருக்கிறாள்.

எழுந்து நேராகப் புள்ளியிடம் போனாள். புள்ளிவிவரம் பார்ப்பவன், அதனால் புள்ளி. ஆறு மாதம் முன்னால் வீட்டில் வைத்து வேலை பார்க்கலாம் என்று மூலப் பதிவுகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவனைக் கையும் களவுமாகப் பிடித்து, கூடமே வேடிக்கை பார்க்க அவள் காய்ச்சி எடுத்திருந்தாள்.

கதவைச் சாத்திக்கொண்டு அவள் வந்து நின்றதும் அவன் எழுந்தே விட்டான். "அக்கா, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"நீங்க வந்தாலே அப்படித்தான் வாயில வருது."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, திட்ட மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்கயாவது, எதுலயாவது, பழைய பதிவு ஏதாவது ஒரு பிரதி... மறந்துபோயாவது வெச்சிருக்கியா?"

புள்ளி பேந்தப் பேந்த விழித்தான். இது ஏதோ சோதனை என்று நினைத்திருப்பான். "வட்டக் காட்டவா? லேப்டாப்பத் திறந்து காட்டவா? உங்களுக்குப் பயந்து எங்க கல்யாண வீடியோவுக்கே ரெண்டு கடவுச்சொல் போட்டிருக்கேன்க்கா. உங்க கிட்ட திட்டு வாங்கினவன் எவனாவது பிரதி வெச்சுப்பானா?"

வைத்திருக்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? அதை வாங்கிக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, பிறகு இவனைக் காய்ச்சியிருப்பாளா, கட்டிக்கொண்டிருப்பாளா? அவளுக்கே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், வாழ்க்கையில் முதல்முறையாக யாராவது தன் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டாள் என்பதுதான். பாழாய்ப்போனவன் கேட்டிருக்கிறான்.

கீழே போனாள். மென்று விழுங்கவில்லை. நின்றபடியே, தையல்காரியின் முகத்தைப் பார்த்து, உதடு தெளிவாகத் தெரியும்படி சொன்னாள்.

"மூலப் பதிவு இல்லம்மா. அழிச்சாச்சு. விதிப்படிதான் அழிச்சோம். ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி நான் சரியாக் கேட்டிருந்தா, அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா உங்களக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். நான் கவனிக்கல."

தையல்காரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலே தேவலை. அவள் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். நீ சொன்னதே போதும், விடு என்று தட்டிக்கொடுக்கும் சிரிப்பு. அவன் முகம் விழுந்துவிட்டது. அது நம்பிக்கை அல்ல, அவனை மன்னிப்பது என்று அவனுக்குத் தெரியாதா?

"நான் பொய் சொல்லல" என்றான் அவன். மூன்று வயதுப் பிள்ளையே பரவாயில்லை என்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. "பேர மறைச்ச பதிவு இருக்கு. எழுத்து கேக்காது, வெறும் ஓசைதான். ஆனாலும் உங்க வீட்டுது, நீங்க கேக்கலாம். இருங்க" என்று மறுபடி மாடியேறினாள். அவள் மேசையில் இருந்த ஒலிபெருக்கி அந்தக் காலத்துக் கனம். நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து மேசையில் வைத்தாள்.

ஓட விட்டாள். மெக்கானிக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். முனகல், மெஷின், முனகல். அவன் தோள் தொய்ந்தது.

"இதுல பேரே இல்லையே மேடம். யாரோ வாயப் பொத்திட்டுக் கூப்பிடற மாதிரி இருக்கு. இத வெச்சு யாரு, என்னன்னு எப்படிச் சொல்றது? நானே இவன்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது போல."

தையல்காரி அவன் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தவள், சட்டென்று மேசைப் பக்கம் பார்த்தாள். மேசையில் இருந்த தண்ணீர்க் குவளை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. எழுந்து வந்து ஒலிபெருக்கியின் முகத்தில் உள்ளங்கையை வைத்தாள். மெஷினில் நூல் சிக்கினால் அவள் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரியும் என்று கணவன் பிறகு சொன்னான். முதலில் அவள் முகத்தில் லேசான சிரிப்பு வந்தது.

"என் மெஷினு" என்றாள்.

பிறகு சிரிப்பு நின்றது. கையை எடுக்காமல், "மறுபடி" என்றாள். அக்கா மறுபடி ஓட விட்டாள். "மறுபடி." மூன்றாவது முறை ஓடும்போது, இன்னொரு கையால் கணவனை இழுத்து, அந்த உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்தாள்.

"கூப்பிடு."

அவன் கூப்பிட்டான். எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான், முதலில் ஒரு நீட்டல், பிறகு சட்டென்று ஒன்று, முடிவில் ஓர் ஏற்றம். பல வருஷமாக அவன் நெஞ்சில் கையை வைத்து அவள் தெரிந்துவைத்திருந்த பெயர் அது. தன் பெயர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்த ஒரே விதம். எழுத்துகளின் ஓசை அவளிடம் எப்போதும் வந்ததில்லை. அடியில் ஓடும் ராகம் மட்டும்தான் வந்திருக்கிறது. பூட்டக்கா உதிர்த்தது அவளுக்கு என்றைக்குமே எட்டாததை. விட்டுவைத்ததோ அவளுடைய பெயரையே.

ஒரு கை கணவனின் நெஞ்சில், ஒரு கை ஒலிபெருக்கியில். "அதேதான்" என்றாள். பிறகு, "ஆனா நீ இல்ல. உன்னோடது தடிமனா இருக்கும். இது மெலிசு. சின்ன ஊசி போட்டுத் தைக்கற மாதிரி... இது அவன்தான்."

மெக்கானிக் தன் நெஞ்சில் இருந்த அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூணு தடவ" என்றாள் அவள். அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. "மூணு தடவ கூப்பிட்டிருக்கான். நான் திரும்பவே இல்ல."

அழுதாள். நம்பாமல் இருந்தபோது ஒரு வலி, நம்பியதும் வேறு வலி. ஆனால் இந்த வலியை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியும். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அறையின் மூலையில் நாற்காலி வண்டிக்குப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பையனிடம் போய் மண்டியிட்டாள்.

"கூப்பிட்டியாடா? அம்மாவக் கூப்பிட்டியா? என்னடா தங்கம், சொல்லு. வந்துட்டேன்."

அவன் திருதிருவென்று விழித்தான். என்றைக்கோ கூப்பிட்டதற்கு இன்றைக்குப் பதில் வந்தால் யார்தான் என்ன செய்வார்கள்? வழக்கம்போல அவள் முந்தானையைப் பிடித்து நாற்காலிப் பக்கம் இழுத்தான். அவள் போகவில்லை. அவன் சட்டைப்பைக்கு மேலே, அந்தத் தீப்பெட்டிக் கருவிக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, "கூப்பிடு" என்றாள்.

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தலையசைத்தான். பையன் தன் நெஞ்சில் இருந்த கையைக் குனிந்து பார்த்தான். பிறகு, அப்பன் செருப்பைக் கழற்றும்போது கூப்பிடுவானே, அச்சாக அதே மாதிரி, அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"என்னடா!" என்றாள் அவள். அவன் முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

பையனுக்கு அது பிடித்துவிட்டது. மறுபடி கூப்பிட்டான். மறுபடி என்னடா. பிறகு நிறுத்தவே இல்லை, வரவேற்பறைப் பெண் என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்கும்வரை.

அன்றைய பதிவு சில நாள் கழித்து முறைப்படி பூட்டக்காவின் மேசைக்கு வந்தது. கூடத்தில் வேலை பார்ப்பவர்களின் குரல் பதிவில் இருக்கக் கூடாது என்று விதி. தன் குரல் வந்த இடத்தையெல்லாம் அவளே நீக்கினாள். பிறகு, முந்தைய பதிவைத் திறந்து, இத்தனை நாள் போடத் தவறிய அடையாளத்தைச் சரியான இடத்தில் போட்டாள். சரிபார்க்கும் முறை இந்தத் தடவை புள்ளியுடையது. அவன் கேட்டு முடித்து வந்து, கதவருகே நின்றான்.

"அக்கா, பேரு ஒண்ணும் தப்பல. ஆனா கடைசியில யாரோ மூக்க உறிஞ்சி உறிஞ்சி அழறாங்க. குடும்பத்து ஆளு குரல் மாதிரி இல்ல. அது யாருன்னு நீங்க குறிக்கல."

"தெரியாதவங்க குரல்னு குறிச்சுக்கோ."

"சரிக்கா" என்றான் அவன், முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே.

மூலத்தை அழிக்கும் முன்னால் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று பேராசிரியையிடம் கரடியாகக் கத்திப் புது விதி வாங்கியிருந்தாள். கேட்டாள். மெக்கானிக்குக்கு அன்றைய பதிவு பெயரோடு வேண்டுமாம். தையல்காரி, "எனக்கு அந்த ஓசையே போதும்" என்று சொல்லி அனுப்பினாள். இரண்டையும் கடவுச்சொல் போட்டு ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அக்கா நடைவழியில் போனபோது, கூடமே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. "பூட்டக்கா கையில பென் டிரைவா!" என்று எவனோ சொன்னான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வந்து, மூலத்தை மூன்று இடத்திலிருந்தும் எப்போதும்போல ஒன்றும் மிஞ்சாமல் அழித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பதிவுகளில் புதிதாக ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மெஷின் ஓடும். சின்னப் பாதங்கள் ஓடி வரும். மெஷின் நிற்கும். கருவிக்கு மேலே துணி உரசும், ஒரு கையை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொள்கிற சத்தம். பிறகு பெயர். பிறகு, "என்னடா?"

அந்தப் பெயரை ஒவ்வொரு முறையும் அவள் மறைத்தாக வேண்டும். மறைக்கிறாள். விதி விதிதான். ஆனால் மறைத்து முடித்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒலிபெருக்கியின் முகத்தில் உள்ளங்கையை வைத்து, ஒருமுறை ஓட விட்டுப் பார்க்கிறாள். நீட்டலும் ஏற்றமும் கையில் சரியாகப் பட்டால்தான் அடுத்ததற்குப் போவாள்.